இருபத்தெட்டுத் துடிப்புகள்

பெரம்பலூரின் எஸ்.டி.டி. கோடு 04328. அரியலூரின் கோடு 04329. மொபைலில் பெயரைத் தொட்டுப் பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தகவலே இல்லை. ஆனால் விரலை விட்டுச் சுழற்றுகிற பழைய போனுக்கு இது வேறு கணக்கு. அந்தப் போனில் 1-ஐச் சுழற்றினால் லைன் ஒரு முறை அறுந்து சேரும். 2-க்கு இரண்டு முறை. 9-க்கு ஒன்பது முறை. 0-க்குப் பத்து முறை. இப்படி அறுந்து சேர்வதைத்தான் பல்ஸ் என்கிறார்கள், துடிப்பு. 04329-ஐக் கூட்டிப் பாருங்கள்: பத்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்பது. மொத்தம் 28. பெரம்பலூருக்கு 27. பஸ்ஸில் ஒரு மணி நேரம் வரை ஆகிற இரண்டு ஊர்களுக்கு நடுவே அந்தப் போனுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒரே ஒரு துடிப்புதான்.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் அப்பா. அப்பா டெலிபோன் லைன்மேன். 1987-இல் தினக்கூலி மஸ்தூராகப் பள்ளம் தோண்டி, கேபிள் இழுத்து, பிறகு நிரந்தரமாகி, முப்பது வருஷத்துக்கு மேல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிற கம்பங்களில் ஏறி இறங்கியவர். பெரம்பலூர் அப்போது தனி மாவட்டம்கூட இல்லை. திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1995-இல்தான். அரியலூர் 2001-இல் தனி மாவட்டமானது, அடுத்த வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. "அவங்க பிரிப்பாங்க, சேப்பாங்க. கேபிள் பாட்டுக்கு மண்ணுக்குள்ள ஒண்ணாத்தான் கெடந்துச்சு" என்பார் அப்பா.

2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தது. நாடு முழுக்க 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31, ஒரே நாளில் எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்பாவும் அதில் ஒருவர். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது, அவர் சொன்னதில்லை. நான் பார்த்தது வேறொன்று. அவருடைய இடுக்கி, திருப்புளி, டெஸ்ட் போன் எல்லாம் ஒரு கித்தான் பையில் கிடந்தன. அந்தப் பை முதலில் வாசல் ஆணியில் தொங்கியது. பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போனது. பிறகு கட்டிலுக்கு அடியில். ஒவ்வொரு முறை நான் சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போதும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அப்பாவின் பேச்சும் அப்படித்தான்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் வேண்டும் என்றால் அரியலூர்தான். 2023-இல் தங்கையை ரயிலேற்றிவிட்டு டூவீலரில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய இரும்புக் கடையைப் பார்த்தேன். சிமென்ட் லாரிகள் ஓடுகிற ஊரில் இரும்புக் கடைக்குப் பஞ்சமில்லை. லாரி ஸ்பிரிங் பட்டைகள், உடைந்த ஃபேன் இறக்கைகள், அவற்றுக்கு நடுவே தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்தது அந்தப் போன். கறுப்பு என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் எல்லாவற்றின் மேலும் படிகிற சாம்பல் நிறத்தில் இருந்தது.

"எவ்ளோண்ணே?"

"ரெண்டாயிரம் தம்பி. ஆன்டிக்கு."

"தராசுல வச்சிருக்கீங்க, ஆன்டிக்குங்கறீங்க."

அவர் சிரித்துவிட்டார். "நெசமா சொல்றேன், உள்ள செம்பு எவ்ளோ இருக்குன்னு பாக்கத்தான் வச்சேன். மேல இருக்கறது வெலைக்குப் போவாது, உருக்க முடியாது, எரிக்கவும் முடியாது." ஒரு பழைய மண்டியை இடித்தபோது பரணிலிருந்து வந்தது என்றார். ஆயிரத்து இருநூறுக்கு முடிந்தது. பெட்ரோல் டேங்க் மேல் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தேன்.

மேல் ஓட்டைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அது பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907-இல் உருவாக்கியது. முழுக்க முழுக்க ஆய்வகத்தில் செய்த முதல் பிளாஸ்டிக். ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி இளகாது. அதனால்தான் காயலான் கடையில் அதற்கு மதிப்பில்லை. பேக்லைட்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தரை துடைத்த வாசனை போல லேசாக ஃபீனால் நெடி வரும்.

அப்பா அதைத்தான் முதலில் செய்தார். நான் போனைத் திண்ணையில் வைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. தேய்த்தார், முகர்ந்தார். கவிழ்த்து அடியில் ஐ.டி.ஐ. என்ற எழுத்தைப் பார்த்தார். "இது டிபார்ட்மெண்ட் சொத்து. நீ எப்படி வாங்குன?" என்றார். அவர் கிண்டல் செய்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தக் கிண்டலில் உண்மை உண்டு. அந்தக் காலத்தில் வீட்டில் போன் வைத்திருந்தவர்களுக்குப் போன் சொந்தமில்லை. கருவி தபால் தந்தித் துறையுடையது, நாம் வாடகைக்காரர்கள். ஐ.டி.ஐ. என்பது பெங்களூரு தூரவாணி நகரில் 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். சுதந்திரம் வாங்கியபோது நாடு முழுக்க இருந்ததே சுமார் 80 ஆயிரம் போன்கள்தான். 1981 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 68 கோடி. போன்கள் இருபது லட்சத்தைச் சுற்றித்தான். விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி. கோட்டாவில் போன் வாங்கியதைக் கல்யாணச் செய்தி போலச் சொன்ன காலம் அது.

டயலின் நடுவில் வட்டமாக ஒரு சிறு காகிதம் இருந்தது. மேலே மஞ்சளாகிப்போன கண்ணாடித் தாள். காகிதத்தில் மையால் எழுதிய எண். 2 தெரிந்தது, 4 தெரிந்தது. மூன்றாவது இலக்கம் ஈரத்தில் கரைந்து நீல மேகம் மாதிரி ஆகியிருந்தது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்டின்னா சொன்னான்?"

"ஆமாம்ப்பா."

"இருநூத்தி நாப்பதுல ரெண்டு மண்டி இருந்துச்சு. ஒண்ணு இன்னும் நடக்குது. அப்ப இது இன்னொண்ணு."

அப்பாவுக்கு மனிதர்களின் பெயர் சட்டென்று வராது. எண் வரும். கல்யாண வீட்டில் யாரையாவது பார்த்தால், என் காதில் அவருடைய பழைய நம்பரைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் பெயரைத் தேடுவார். அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து கித்தான் பை வெளியே வந்தது.

வேலை மூன்று வாரம் நடந்தது. சனி, ஞாயிறு நான் இருப்பேன். மற்ற நாளில் அவர் தனியாகச் செய்துவிட்டு எனக்கு வாட்ஸப்பில் படம் அனுப்புவார். தலைப்பு எதுவும் இருக்காது. ஒரு திருகாணி, ஒரு ஸ்பிரிங், ஒரு செம்புச் சுருள்.

முதலில் மேல் ஓடு. தண்ணீரில் ஊறப் போடக்கூடாது என்றார். பேக்லைட்டுக்குள் மரத்தூள் கலந்திருக்கும், மேல் பளபளப்பு போன இடத்தில் ஈரம் இறங்கினால் ஊதிக்கொள்ளும். ஈரத் துணியில் சோப்பு தொட்டுத் துடைத்தோம். துணி மூன்று முறை சாம்பலாகி நான்காவது முறை பழுப்பாக வந்தது. பிறகு பித்தளை துலக்குகிற பிராஸோ. வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, கறுப்பு கீழேயிருந்து மேலே வந்தது. ரிசீவரின் கைப்பிடியில் மட்டும் ஒரு பக்கம் பளபளப்பு ஏறவேயில்லை. நான் இன்னும் அழுத்தித் தேய்க்கப் போனேன். "விடு, அது கை புடிச்ச எடம்" என்றார் அப்பா. வருஷக்கணக்கில் ஒரே மாதிரி பிடித்த கைகளின் வேர்வை மேல் பூச்சைத் தின்றிருந்தது. அதை அப்படியே விட்டோம்.

அடுத்தது டயல். இதுதான் நுணுக்கமான வேலை. நாம் விரலை விட்டு வலப்பக்கமாக இழுக்கும்போது எண் எதுவும் போவதில்லை. இழுப்பது உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கத்தான். விரலை எடுத்ததும் டயல் தானாகத் திரும்பி வருகிறதே, அந்தத் திரும்பும் பயணத்தில்தான் துடிப்புகள் போகின்றன. ஒரு வினாடிக்குப் பத்து. அவசரக்காரன் இழுத்தாலும் நிதானமானவன் இழுத்தாலும் அதே பத்துதான், ஏனென்றால் உள்ளே ஒரு கவர்னர் இருக்கிறது. சின்னக் கிண்ணத்துக்குள் சுற்றுகிற இரண்டு எடைக் குண்டுகள். வேகம் கூடினால் விரிந்து கிண்ணத்தின் சுவரில் உரசி வேகத்தைக் குறைக்கும். எங்கள் போனில் பழைய கிரீஸ் காய்ந்து அரக்காகி, 0-வைச் சுழற்றினால் பாதி வழியில் நின்றது. அப்பா பெட்ரோல் தொட்ட பிரஷ்ஷால் பல்சக்கரங்களைக் கழுவினார். தையல் மெஷின் எண்ணெயைக் குண்டூசி முனையில் தொட்டு அச்சுகளில் மட்டும் வைத்தார். கவர்னர் உரசுகிற இடத்தில் எண்ணெய் படக்கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது.

துடிப்பை உண்டாக்குகிற தொடுமுனைகள் கறுத்திருந்தன. அங்கே உப்புத்தாள் ஆகாதாம். முனையில் இருக்கிற உலோகம் தேய்ந்தால் போனின் ஆயுள் போச்சு. நோட்டுப் புத்தகத்திலிருந்து வெள்ளைத் தாளைக் கீற்றாகக் கிழித்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே வைத்து மெதுவாக இழுத்தார். தாளில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழாத வரைக்கும் இழுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 0-வைச் சுழற்றிக் காது கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் இழுவை இருக்கு." அன்றைக்கு முழுக்க அந்த ஒரு சத்தம்தான் எங்கள் வீட்டில்.

நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவருக்குச் சொன்னேன். இந்தத் தானியங்கி முறையைக் கொண்டுவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் ஒரு எஞ்சினியர் இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் பிண அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாகவும், ஆபரேட்டரே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று கிளம்பியதாகவும் கதை சொல்வார்கள். காப்புரிமை 1891-இல் கிடைத்தது. ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில், நாம் சுழற்றும் ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ஒரு இரும்புக் கை நிஜமாகவே ஒரு படி ஏறும், அல்லது ஒரு படி நகரும். இங்கே விரல் அசைந்தால் அங்கே இரும்பு அசையும். ஐ.டி.ஐ. முதலில் செய்ததும் அந்த முறைதான்.

அப்பா கேட்டுவிட்டு, "சாவுக்காரன்தான் கண்டுபுடிச்சானா? சரிதான். அப்பல்லாம் ராத்திரி போன் வந்தா சாவுதான்" என்றார்.

பிறகு மணி. ரிசீவருக்குப் போகிற மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து வருகிறது, 48 வோல்ட். இரண்டு வோல்ட் செல்கள் இருபத்துநான்கு. மணியடிக்க வருவது அதைவிடப் பெரிய மாறுமின்சாரம், 75 வோல்ட் அளவில். பேட்டரி மின்சாரம் மணிக்குள் போகாமல் தடுத்து, மாறுமின்சாரத்தை மட்டும் விடுகிற காவல்காரன் கண்டென்சர். பழையது எண்ணெய்த் தாள் சுற்றியது, ஈரம் குடித்துச் செத்திருந்தது. கடையில் 2.2 மைக்ரோஃபாரட் வாங்கி மாற்றினோம். மணிக் கிண்ணங்கள் இரண்டு. இரண்டுக்கும் சுருதி கொஞ்சம் வித்தியாசம். கிண்ணத்தின் ஓட்டை சரியாக நடுவில் இருக்காது, வேண்டுமென்றே தள்ளி வைத்திருப்பார்கள். கிண்ணத்தைத் திருகினால் சுத்தியலுக்கு அருகில் வரும், விலகும். அப்படித்தான் சுருதி சேர்ப்பது. அப்பா அதை ஒரு தவில்காரர் மாதிரி செய்தார்.

கடைசியாக வாய்ப்பகுதி. அதற்குள் இருப்பது கரித்துகள். நம் குரல் தகட்டை அசைக்க, தகடு கரித்துகளை நெருக்கும், தளர்த்தும். அதற்கேற்ப மின்சாரம் கூடும், குறையும். அவ்வளவுதான் பேச்சு. ஈரத்தில் துகள் கட்டிக்கொண்டால் குரல் போகாது. அப்பா அதை இரண்டு நாள் வெயிலில் வைத்தார். பிறகு உள்ளங்கையில் தட்டினார், குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் இப்போது ஃபைபர் இணைப்பு. செம்பு கேபிளின் காலம் முடிந்துவிட்டது. மோடத்தின் பின்னால் ஒரு டெலிபோன் துளை இருந்தது. அப்பா பழைய துணிச் சுற்று வயரின் நுனியில் புது பின் வைத்துச் செருகினார். ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் இருந்தது. என் மொபைலிலிருந்து வீட்டு எண்ணுக்கு அடித்தேன். ஒரு வினாடி எதுவும் இல்லை. பிறகு அந்த மணி அடித்தது. இரட்டை மணி, இடைவெளி, இரட்டை மணி. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். தெருவில் போன பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

ஆனால் அதிலிருந்து கூப்பிட முடியவில்லை. எத்தனை முறை சுழற்றினாலும் டயல் டோன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மோடத்துக்குப் பட்டன் போனின் டோன்கள் புரியும். இந்தத் துடிப்புகளை எண்ண அதற்குத் தெரியவில்லை. இதற்கென்று தனிப் பெட்டி விற்கிறார்கள், துடிப்பை டோனாக மாற்றிக் கொடுக்கும். வாங்கட்டுமா என்று கேட்டேன். அப்பா, "இருக்கட்டும் பாப்போம். மொதல்ல இத அவங்ககிட்ட காட்டணும்" என்றார்.

"யாருகிட்ட?"

"இருநூத்தி நாப்பது."

மண்டிக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைத் தெருவில் விசாரித்து, அவருடைய மனைவி பேத்தியோடு இருக்கிற வீட்டைக் கண்டுபிடித்தோம். எண்பதைத் தாண்டியவர். மஞ்சள் பையிலிருந்து போனை எடுத்துப் பாயில் வைத்ததும் அவர் உடனே கிட்டே வரவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்கூட்டு போனா?"

"ஆமாங்கம்மா. நான் லைன்மேன். உங்க மண்டிக்கு வந்திருக்கேன்."

"வந்திருப்பீங்க. நான் பாத்திருக்க மாட்டேன்."

முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. பதினேழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர். பெரிய மகன் பிறந்த வருஷம் போன் வந்ததாம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், மர ஸ்டூலில், குரோஷா பின்னிய துணி போட்டு. தினமும் காலையில் மண்டி திறப்பதற்கு முன்னால் அதைத் துடைத்து வைப்பது அவர் வேலை. மண்டி திறந்த பிறகு அந்தப் பக்கம் வரக்கூடாது. மணி அடித்தால் கணக்குப்பிள்ளை எடுப்பார். பருத்தி விலை, கடலை விலை. திருச்சி, விருத்தாசலம் என்று சத்தமாகப் பேசுவது நடைக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

"நீங்க பேசினதே இல்லையா ஆயா?" என்று கேட்டேன்.

"நான் யாருக்கு சாமி பேசறது? எங்க அம்மா ஊர்ல போன் ஏது. எங்க அம்மாவ நெனச்சா பஸ்ஸுதான். அதும் அவரு விட்டாத்தான்." கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "தொடைக்கறப்ப இந்த வட்டத்துல வெரல வச்சு ஒரு தடவ சுத்திப் பாக்கணும்னு இருக்கும். சுத்துனதில்ல. காசு ஆயிடுமேன்னு பயம்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரிசீவர எடுக்காம சுத்துனா காசு ஆவாதும்மா. லைனுக்கே போவாது."

அந்த அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அத எனக்கு யாரு சொன்னா?"

கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் அறையில் யாருக்கும் பதில் இல்லை. பேத்தி மொபைலைக் கீழே வைத்துவிட்டாள்.

பழைய பொருள்களைப் பற்றி இணையத்தில் நாம் நிறைய எழுதுகிறோம், படிக்கிறோம். அந்தக் காலத்துப் போன், அந்தக் காலத்து ரேடியோ, அப்போது எல்லோரும் ஒன்றாக இருந்தோம் என்று. நானும் அப்படி ஒன்றை எழுதுகிற ஆசையில்தான் அந்தப் போனை டேங்க்கில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பாயில் உட்கார்ந்தபோதுதான் அந்த 'எல்லோரும்' யார் என்ற கேள்வி வந்தது. 68 கோடிக்கு இருபது லட்சம் என்ற கணக்கு ஒரு பக்கம். அந்த இருபது லட்சம் வீடுகளுக்குள்ளும் எத்தனை பேருடைய விரல் அந்த வட்டத்துக்குள் போயிருக்கும் என்பது இன்னொரு கணக்கு, அதை யாரும் எடுக்கவில்லை. 1960 நவம்பர் 25-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. 1984-இல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் தொடங்கியது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அதன் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், ஏ.சி. இல்லாமல் புழுதியிலும் வெயிலிலும் ஓடும்படி செய்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். அப்பா மாதிரி ஆட்கள் தோண்டிய பள்ளங்களும் பெரிய காரியங்கள்தான். ஆனால் கேபிள் வந்து சேர்ந்த சுவருக்கு அந்தப் பக்கம், நடை தாண்டி ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அப்பா திரும்பும் வழியில் தன் கதையைச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது. 1990 வாக்கில் அவருடைய அம்மா இறந்த அன்று அவர் கம்பத்தின் மேல் இருந்தார். இடுப்பில் டெஸ்ட் போன். அதைக் கொக்கியில் மாட்டினால் இந்தியாவில் எந்த ஊருக்கும் பேசலாம். அவருடைய சொந்தக் கிராமத்தில் மட்டும் போன் இல்லை. செய்தி சைக்கிளில் வந்தது. "எறங்கு, வீட்டுக்குப் போவணும்னான். நான் ஜாயிண்ட்ட முடிச்சிட்டுத்தான் எறங்குனேன். யாரோ ஒருத்தன் லைன் செத்துக் கெடக்குதுல்ல."

ஆயாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் அப்பா நினைத்திருந்தார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "இத மறுபடி நான் தொடைக்கணுமா?" என்று சிரித்தார். ஆனால் சுழற்றிப் பார்த்தார். ஆள்காட்டி விரலை முதல் துளையில் வைத்தார், 1. அது வந்த வேகத்தில் முடிந்துவிட்டது. "இவ்ளோதானா?" என்றார். பேத்தி, "கடைசித் துளைல வையி ஆயா" என்றாள். 0. தடுப்பு வரைக்கும் இழுத்து, விரலை எடுக்கத் தெரியாமல் அதோடு கூடவே திரும்பி வந்தார். அப்பா, "விட்ருங்க, அதுவா வரும்" என்றார். இரண்டாம் முறை விட்டார். கவர்னர் சீராகப் பாடியது. பத்துத் துடிப்பு. எங்கேயும் போகாத பத்து. அதன் பிறகு நாங்கள் காபி குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் சுழற்றிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, மணி எப்படி அடிக்கும் என்று கேட்டார். லைன் இல்லாமல் அடிக்காது என்று அப்பா சொன்னார். "எனக்கு அந்த மணிதான் நல்லாத் தெரியும்" என்றார் அவர். பேத்தி எங்கள் வீட்டு எண்ணை வாங்கிக்கொண்டாள்.

துடிப்பை மாற்றும் பெட்டியை இன்னும் வாங்கவில்லை. போன் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்கும், கூப்பிடாது. பெரும்பாலும் வருவது லோன் வேண்டுமா என்கிற அழைப்புகள்தான். அப்பா எல்லாவற்றையும் எடுக்கிறார், மரியாதையாக வேண்டாம் என்கிறார்.

ஒன்று கவனித்தேன். மொபைலில் அப்பா கத்துவார். தெருவுக்கே கேட்கும். காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். இந்தப் போனில் அவர் மெதுவாகப் பேசுகிறார். பழைய போன்களில் நம் குரலில் கொஞ்சம் நம் காதுக்கே திரும்பி வரும்படி வைத்திருப்பார்கள். அது கேட்டால், நம் குரல் போய்ச் சேர்கிறது என்று நமக்கே ஒரு நம்பிக்கை வரும், கத்தத் தோன்றாது. மொபைலில் அது மிகக் குறைவு. அப்பாவுக்குக் கேட்காமல் இருந்தது அவருடைய குரல்தான்.

சில வெள்ளிக்கிழமைகளில் அரியலூரிலிருந்து பேத்தி மொபைலில் அடித்து ஆயாவிடம் கொடுக்கிறாள். அவர் நலம் விசாரிப்பதில்லை, நேராக, "மணி அடிச்சுதா?" என்று கேட்கிறார்.

"அடிச்சுதும்மா."

"எத்தன தடவ?"

அப்பா இப்போது உடனே எடுப்பதில்லை. மூன்று, நான்கு என்று எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறார், சொல்ல வேண்டுமே என்று.